படித்த பிறகு தொடு

கல்லாப்பெட்டி மாறிவிட்டது

டீக்கடை, பூக்கடை, காய்கறி வண்டி, தையல் கடை என்று எங்கே போனாலும் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். சாமான் வாங்குபவர் தன் செல்போனை அந்த அட்டைக்கு நேரே பிடிக்கிறார். இரண்டு மூன்று முறை விரலால் தொடுகிறார். "பணம் போட்டுட்டேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கடையில் உள்ள சிறிய பெட்டி ஒன்று, "இருபது ரூபாய் வந்தது" என்று பேசுகிறது.

நோட்டு இல்லை. சில்லறை இல்லை. ஆனாலும் வியாபாரம் நடந்துவிட்டது.

முன்பு கடைக்காரர் கல்லாப்பெட்டியைப் பூட்டுவார். சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பெட்டி கண்ணெதிரே இருக்கும். யாராவது கை வைத்தால் உடனே தெரியும். இன்று கல்லாப்பெட்டி வங்கியில் இருக்கிறது. அங்கே போகும் வழி செல்போனில் இருக்கிறது. சாவியோ நம் மனதில் இருக்கிறது. நான்கு அல்லது ஆறு எண்கள்தான் அந்தச் சாவி. அதைப் பின் நம்பர் என்கிறோம்.

பெட்டி மாறியதும் திருடனும் மாறிவிட்டான். அவன் இப்போது சுவர் ஏறிக் குதிப்பதில்லை. போனில் கூப்பிடுகிறான். அன்பாகப் பேசுகிறான். அவசரப்படுத்துகிறான். நாள் முழுவதும் அடுப்பு முன் நின்று சம்பாதித்த பணம் ஒரே நிமிடத்தில் போய்விடுகிறது.

இதைத் தடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நிதானமாகப் படிக்கத் தெரிந்தால் போதும். எப்படி என்று பார்ப்போம்.

பணம் எப்படிப் போகிறது?

செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் இந்த முறைக்கு யு.பி.ஐ. என்று பெயர். இதை நடத்துவது என்.பி.சி.ஐ. என்ற நிறுவனம். அது 2008-ல் தொடங்கப்பட்டது. யு.பி.ஐ. 2016-ல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் மாதம் நாடு முழுவதும் சுமார் 20 லட்சம் தடவை மக்கள் இந்த வழியில் பணம் அனுப்பினார்கள். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடி தடவைக்கு மேல் அனுப்பினார்கள். எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கிறது, பாருங்கள்!

ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் என்று பல ஆப்கள் இருக்கின்றன. பெயர்கள் வேறு வேறு. பணம் போகும் பாதை ஒன்றுதான்.

அட்டையில் உள்ள கட்டங்கள் என்ன? அவை ஒரு முகவரி. வீட்டு வாசலில் கதவு எண் எழுதியிருக்கிறது அல்லவா? அதுபோல, கடைக்காரரின் கணக்கு எங்கே இருக்கிறது என்று அந்தக் கட்டங்கள் சொல்கின்றன. நம் கண்ணுக்கு அது புரியாது. செல்போனுக்குப் புரியும்.

ஒருவர் பணம் செலுத்தும்போது நடப்பது இதுதான்:

1. செல்போன் கட்டங்களைப் படிக்கிறது.
2. கடைக்காரரின் பெயரைத் திரையில் காட்டுகிறது.
3. வாங்குபவர் தொகையை எழுதுகிறார்.
4. பிறகு தன் பின் நம்பரைப் போடுகிறார்.
5. அவருடைய வங்கி, பின் நம்பர் சரிதானா என்று பார்க்கிறது. சரியென்றால் அவர் கணக்கிலிருந்து பணத்தை எடுக்கிறது.
6. அந்தப் பணம் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் சேர்கிறது.

எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: பின் நம்பரைப் போடுபவர் பணம் கொடுப்பவர். வாங்குபவர் அல்ல. பணம் கொடுக்கும்போது அது வேண்டும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்போதும் கேட்கும். பணம் வாங்க அது ஒருபோதும் வேண்டாம். சில போன்களில் பின் நம்பருக்குப் பதிலாக விரல் ரேகை வைக்கலாம். அதற்கும் இதே விதிதான்.

இரண்டு: பின் நம்பரைப் போடுவதற்கு முன் திரையில் இரண்டு தகவல்கள் தெரியும். யாருக்குப் பணம் போகிறது? எவ்வளவு போகிறது? பெயர், தொகை. இந்த இரண்டையும் படித்துவிட்டுத் தொட்டால் பல ஏமாற்றுகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் நம்மில் பலர் என்ன செய்தோம்? செல்போனை அடுத்தவரிடம் கொடுத்தோம். பின் நம்பரையும் சொன்னோம். "நீயே போட்டுக் கொடு தம்பி" என்றோம். அது சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் காவல் காக்கச் சொல்வது போன்றது. இனி அது தேவையில்லை. நாமே படிக்கலாம். நாமே போடலாம்.

திருடன் எந்த வழியில் வருகிறான்?

யு.பி.ஐ. பூட்டு வலுவானது. வங்கியில் பதிவு செய்த சிம் உள்ள செல்போனில்தான் ஆப்பைத் தொடங்க முடியும். அத்துடன் பின் நம்பரும் வேண்டும். இரண்டும் இல்லாமல் பணத்தை எடுப்பது எளிதல்ல. ஆகவே திருடன் பூட்டை உடைக்க முயல்வதில்லை. நம் கையாலேயே திறக்க வைக்கிறான். அவன் செய்யும் தந்திரங்களில் ஐந்தைப் பார்ப்போம்.

தந்திரம் 1: மேலே ஒட்டிய அட்டை

கஜுராஹோ மத்தியப் பிரதேச மாநிலத்தில் உள்ள ஊர். பழைய கோயில்களைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். 2025 ஜனவரியில் ஓர் இரவு, சிலர் அந்த ஊர்க் கடைகளுக்கு வந்தார்கள். கதவை உடைக்கவில்லை. எதையும் எடுத்துப் போகவும் இல்லை. கடைகளுக்கு வெளியே இருந்த அட்டைகளின் மேல் வேறு கட்டங்கள் உள்ள தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். பெட்ரோல் பங்கும் மருந்துக்கடையும் அவற்றில் அடக்கம்.

மறுநாள் வியாபாரம் எப்போதும்போல் தொடங்கியது. வாங்கியவர்கள் பணம் அனுப்பினார்கள். பணம் கடைக்காரருக்குப் போகவில்லை. திருடர்களின் கணக்குக்குப் போனது.

இது எப்படித் தெரியவந்தது? மருந்துக்கடைக்கு வந்தவர்கள் திரையைப் படித்தார்கள். கடைக்காரர் பெயர் இல்லை. வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது. அதைக் கடைக்காரரிடம் சொன்னார்கள். இரவில் தாள் ஒட்டியவர்கள் கேமராவிலும் பதிவாகியிருந்தார்கள்.

அந்த மருந்துக்கடையில் திருட்டைக் காட்டிக்கொடுத்தது எது? ஒரு பெயரைப் படித்த கண்.

நாம் செய்ய வேண்டியது: தினமும் கடை திறந்ததும் அட்டையைத் தடவிப் பாருங்கள். மேலே வேறு தாள் ஒட்டியிருந்தால் விரலுக்குத் தெரியும். முதல் வாடிக்கையாளரிடம், "என் பேர்தான் வருதா, பாருங்க" என்று கேளுங்கள். இரவில் அட்டையைக் கடைக்குள் எடுத்து வையுங்கள்.

தந்திரம் 2: பொய்ப் படம்

கடையில் கூட்டம். ஒருவர் 200 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறார். செல்போனைத் திருப்பிக் காட்டுகிறார். பச்சை நிறத்தில் ஒரு குறி. அதன் கீழே '200 ரூபாய் செலுத்தப்பட்டது' என்று இருக்கிறது. கடைக்காரரும் தலையாட்டுகிறார். இரவில் கணக்குப் பார்த்தால் 200 ரூபாய் குறைகிறது.

அவர் காட்டியது பொய்ப் படம். உண்மையான ஆப்பைப் போலவே தோன்றும் போலி ஆப்களும் இருக்கின்றன. எந்தத் தொகையை எழுதினாலும் அவை 'செலுத்தப்பட்டது' என்று காட்டும்.

நாம் செய்ய வேண்டியது: அவர் போனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பேசும் பெட்டி பேசட்டும். அல்லது உங்கள் போனில் உங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள். "கொஞ்சம் இருங்க அண்ணே, இன்னும் வரலை" என்று சொல்வதில் தவறு இல்லை. நோட்டைக் கொடுத்தால் எண்ணிப் பார்க்கிறோம். அதுபோலத்தான் இதுவும்.

தந்திரம் 3: பணம் வர பின் நம்பர் போடு

ஓர் அம்மா சாப்பாட்டுக் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போன் வருகிறது.

"அம்மா, ராணுவ முகாமிலிருந்து பேசறேன். நாளைக்கு நூறு சாப்பாடு வேணும்."

"நூறா? செஞ்சு தரேங்க. முன்பணம் கொடுங்க."

"ஐயாயிரம் இப்பவே அனுப்பறேன்மா. உங்க போனுக்கு ஒரு கட்டம் போட்ட படம் அனுப்பியிருக்கேன். அதை ஸ்கேன் பண்ணி, பின் நம்பர் போடுங்க. பணம் வந்திடும். சீக்கிரம்மா, அதிகாரி பக்கத்துல நிக்கிறார்."

நூறு சாப்பாடு என்றால் நல்ல வியாபாரம். ராணுவம் என்றால் நம்பிக்கை. அதிகாரி நிற்கிறார் என்றால் அவசரம். ஆசை, நம்பிக்கை, அவசரம். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் வலை பின்னுகிறார்கள்.

அந்த அம்மா ஸ்கேன் செய்தால் திரையில் என்ன வரும்? 'செலுத்த வேண்டிய தொகை: ரூ. 5,000' என்று வரும். 'பெற' என்று வராது. காதில் விழுவது பொய். கண் முன்னால் உள்ள எழுத்து உண்மை. அந்த ஒரு சொல்லைப் படித்தால் 5,000 ரூபாய் தப்பிக்கும்.

முன்பெல்லாம் இன்னொரு வழியும் இருந்தது. முகம் தெரியாத ஒருவர், 'எனக்கு இவ்வளவு பணம் கொடு' என்று நம் ஆப்புக்கு வேண்டுகோள் அனுப்ப முடியும். அது பணம் வருவது போலத் தோன்றும். பலர் பின் நம்பரைப் போட்டு ஏமாந்தார்கள். அதனால் தனிநபர்களுக்குள் இப்படி வேண்டுகோள் அனுப்புவதை என்.பி.சி.ஐ. 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. படம் அனுப்பி ஏமாற்றும் வழி இன்னும் மூடப்படவில்லை.

தந்திரம் 4: தவறிப் போட்ட பணம்

உங்கள் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. 'உங்கள் கணக்கில் ரூ. 5,000 வரவு.' உடனே ஒருவர் அழாத குறையாகப் பேசுகிறார். "அண்ணே, ஐந்நூறு அனுப்பறதுக்குப் பதிலா ஐயாயிரம் அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வெச்சிருந்த பணம். மீதியைத் திருப்பி அனுப்புங்கண்ணே."

நமக்கு மனம் இளகிவிடும். அடுத்தவர் பணம் நமக்கு வேண்டாம் என்று நினைப்போம். உடனே அனுப்பிவிடுவோம். ஆனால் 5,000 ரூபாய் வந்திருக்கவே வந்திருக்காது. குறுஞ்செய்தியை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். வங்கிக் கணக்கின் இருப்பை அப்படி எழுத முடியாது.

நாம் செய்ய வேண்டியது: இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே பணம் வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். "உங்க வங்கியில் எழுதிக் கொடுங்க. நானும் என் வங்கியில் சொல்றேன்" என்று சொல்லுங்கள். நல்லவர் அதை ஒப்புக்கொள்வார். ஏமாற்றுக்காரர் போனை வைத்துவிடுவார்.

தந்திரம் 5: இதைத் தொடு, அதை இறக்கு

"வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் கே.ஒய்.சி. முடிந்துவிட்டது. இன்று இரவு கணக்கு முடங்கிவிடும். நாங்கள் அனுப்பும் ஆப்பைப் போனில் போடுங்கள்." இப்படி ஓர் அழைப்பு வரும். கல்யாணப் பத்திரிகை என்றோ, வண்டிக்கு அபராதம் என்றோ சொல்லியும் அனுப்புவார்கள்.

அதைத் தொட்டால் ஓர் ஆப் போனுக்குள் இறங்கிவிடும். சில ஆப்கள் நம் போனின் திரையைத் திருடனுக்கு அப்படியே காட்டும். சில ஆப்கள் நமக்கு வரும் குறுஞ்செய்திகளை அவனுக்கு அனுப்பும். வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணும் அதில் போய்விடும். அதைத்தான் ஓ.டி.பி. என்கிறோம்.

இன்னும் சிலர் போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றுவார்கள். "உங்களைக் கைது செய்துவிட்டோம். போனை வைக்கக் கூடாது. பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று மிரட்டுவார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் போன் வழியாகக் கைது செய்வது என்ற ஒன்றே கிடையாது. பயப்படாமல் போனை வைத்துவிடுங்கள்.

நாம் செய்ய வேண்டியது: வங்கி வேலை என்றால் வங்கிக்கு நேரில் போங்கள். பாஸ் புத்தகத்தில் உள்ள எண்ணுக்குப் பேசலாம். வங்கிகளின் இணைய முகவரிகள் 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் ஏற்பாடு செய்தது. முகவரியின் கடைசிப் பகுதியைப் படித்துப் பாருங்கள். வேறு மாதிரி இருந்தால் தொடாதீர்கள்.

பெரிய இடத்திலும் திருட்டு

சிறு கடைக்காரர்கள் மட்டும்தான் ஏமாறுகிறார்களா? இல்லை.

புனே நகரில் காஸ்மோஸ் கூட்டுறவு வங்கி இருக்கிறது. 1906-ல் தொடங்கப்பட்ட வங்கி அது. 2018 ஆகஸ்டில் திருடர்கள் அதன் கணிப்பொறிகளுக்குள் ரகசியமாக நுழைந்தார்கள். ஏ.டி.எம். இயந்திரம் கேட்கும்போது, 'பணம் கொடுக்கலாம்' என்று வங்கியின் கணிப்பொறிதான் பதில் சொல்லும். அந்தப் பதிலைத் திருடர்களே சொல்லும்படி செய்துவிட்டார்கள். போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் பணம் எடுத்தார்கள். இரண்டு நாட்கள் கழித்து ஹாங்காங்கில் உள்ள ஒரு கணக்குக்கும் பணத்தை மாற்றினார்கள். மொத்தம் சுமார் 94 கோடி ரூபாய் போனது.

2024 ஜூலை 31 அன்று இன்னொரு சம்பவம். பல சிறு வங்கிகளுக்குக் கணிப்பொறி வேலை செய்து கொடுக்கும் ஒரு நிறுவனம் தாக்கப்பட்டது. தாக்கியவர்கள் பணத்தை எடுக்கவில்லை. கணிப்பொறியில் உள்ள தகவல்களைப் பூட்டினார்கள். பூட்டைத் திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டுவது இவர்கள் வழக்கம். நோய் மற்ற இடங்களுக்குப் பரவாமல் இருக்க, என்.பி.சி.ஐ. அந்த நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் கணக்கு வைத்திருந்தவர்கள் யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்ப முடியவில்லை. மறுநாள் இணைப்பு திரும்பியது.

இதிலிருந்து கடைக்காரர் கற்க வேண்டியது என்ன? எந்த இயந்திரமும் ஒரு நாள் நிற்கலாம். சில்லறையும் கொஞ்சம் நோட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும். கணக்கு நோட்டில் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

நஷ்டம் யாருக்கு?

இதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதிகளை வகுத்தது. அவற்றின் சாரம் இது:

தவறு வங்கியுடையது என்றால் நஷ்டம் வங்கிக்கு.

தவறு வங்கியுடையதும் அல்ல, நம்முடையதும் அல்ல. வெளியாள் புகுந்து எடுத்துவிட்டான். வங்கியிலிருந்து தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் நாம் புகார் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால் ஓர் அளவு வரை நாம் தாங்க வேண்டும்.

நாமே பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ சொல்லிவிட்டோம். அப்போது, புகார் கொடுக்கும் வரை போன பணம் நம் நஷ்டம். புகார் கொடுத்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு.

ஆகவே எந்த நிலையிலும் தாமதம் நமக்குத்தான் கேடு.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், வெட்கப்படாதீர்கள். படித்தவர்கள், அதிகாரிகள், முதலாளிகள் எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள். "வீட்டில் திட்டுவார்களே" என்று மறைத்தால் திருடனுக்குத்தான் லாபம்.

திருடன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டான். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு, அங்கிருந்து வேறொரு கணக்குக்கு என்று ஓட்டுவான். பிறகு எங்காவது ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவான். அவன் எடுப்பதற்கு முன் அந்தக் கணக்கை முடக்க வேண்டும். அதற்காகத்தான் ஓர் அவசர எண் இருக்கிறது. அந்த எண் 1930. மத்திய அரசு 2021-ல் தொடங்கிய ஏற்பாடு இது. காவல்துறையும் வங்கிகளும் இதில் சேர்ந்து வேலை செய்கின்றன.

செய்ய வேண்டியவை:

1. உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.
2. உங்கள் பெயர், வங்கியின் பெயர், போன தொகை, தேதி, நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள்.
3. ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் அது தெரியும். அதையும் சொல்லுங்கள்.
4. அவர்கள் தரும் புகார் எண்ணை எழுதி வையுங்கள்.
5. வங்கிக்கும் சொல்லுங்கள். எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.
6. திருடன் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் சொல்லவில்லை என்றாலோ, பதில் நியாயமாக இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இதைப் பற்றிக் கேட்க 14448 என்ற எண் உண்டு.

போன் தொலைந்துபோனாலும் காத்திருக்காதீர்கள். சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கிக்கும் தெரிவியுங்கள்.

கணக்கை வாடகைக்கு விடாதீர்கள்

திருட்டுப் பணம் ஓடுவதற்குக் கணக்குகள் வேண்டும். அவற்றைத் திருடன் எங்கே தேடுகிறான்? நம் தெருவில்தான். "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு. பாஸ் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் போதும். மாதம் ஒரு தொகை தருகிறேன்" என்பான். வேலை இல்லாத இளைஞர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். திருடன் தப்பிவிடுவான். போலீஸ் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரை. உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்தவர் விவரமும் நம் பொறுப்பு

கடையில் கடன் நோட்டு இருக்கும். அதில் வாடிக்கையாளர்களின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல்கள் வீணாகிக் கிடக்கும். அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் என்ன ஆகும்? வேர்க்கடலைப் பொட்டலமாக ஊர் முழுக்கச் சுற்றும். பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் அதில் இருக்கும். திருடன் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது இப்படிப்பட்ட விவரங்களை வைத்துத்தான்.

பிறர் விவரங்களைக் காப்பதற்காக 2023-ல் ஒரு சட்டம் வந்தது. கணிப்பொறியிலும் செல்போனிலும் பிறர் விவரங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அது. காகிதமானாலும் நாம் அதேபோல் நடந்துகொள்வது நல்லது. தேவைக்கு மேல் கேட்காதீர்கள். வேலை முடிந்த நகல்களைக் கிழித்துவிடுங்கள். ஆதார் நகல் கொடுக்கும்போது கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதாரும் உண்டு. முடிந்த இடத்தில் அதைக் கொடுங்கள்.

நினைவில் வைப்போம்

பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டாம்.
பெயரைப் படி. தொகையைப் படி. பிறகு தொடு.
அவர் போனைப் பார்க்காதே. உன் கணக்கைப் பார்.
பின் நம்பரையும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் சொல்லாதே. போன் உறைக்குள் எழுதியும் வைக்காதே.
யாராவது அவசரப்படுத்தினால் நீ நிதானமாக இரு.
பணம் போனால் உடனே 1930.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.

1. பின் நம்பர் எப்போது வேண்டும்? எப்போது வேண்டாம்?
2. கஜுராஹோவில் நடந்த திருட்டு எப்படித் தெரியவந்தது?
3. குறுஞ்செய்தியை மட்டும் நம்பக் கூடாது. ஏன்?
4. ஏமாந்தவர் உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும். ஏன்?

ஆ. கீழே உள்ளவற்றைப் படியுங்கள். நம்பலாமா, கூடாதா? காரணம் சொல்லுங்கள்.

1. 'உங்களுக்கு ரூ. 2,000 பரிசு. பெறுவதற்குப் பின் நம்பரை இடவும்.'
2. கடைக்காரர்: "திரையில என் பேர் வருதான்னு பார்த்துட்டுப் போடுங்கம்மா."
3. 'இன்று இரவு கணக்கு முடக்கப்படும். இந்த ஆப்பை உடனே இறக்கவும்.'

இ. கணக்குப் போடுங்கள்.

ஒரு பூக்கடை அக்கா, ஸ்கேன் செய்தவர்கள் கொடுத்த தொகைகளை நோட்டில் எழுதினார்: 40, 25, 120, 60, 15, 200, 35. மாலையில் ஆப்பைப் பார்த்தார். அதில் மொத்தம் 295 ரூபாய் என்று இருந்தது. நோட்டின்படி எவ்வளவு வர வேண்டும்? எவ்வளவு குறைகிறது? எந்த வாடிக்கையாளரின் பணம் வரவில்லை? அப்போது என்ன நடந்திருக்கலாம்?

ஈ. செய்து பாருங்கள்.

ஒரு சிறிய அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். 1930 என்று பெரிதாக எழுதுங்கள். அதன் கீழே உங்கள் வங்கிக் கிளையின் போன் நம்பரை எழுதுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.